வேரையும் மறைக்க வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்

சென்ற கார்த்திகையில், மழை ஓய்ந்திருந்த ஒரு முற்பகல். பரங்கிப்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பெண்மணி ஒருவர் தம் மகளுடன் என் புறநோயாளர் அறைக்கு வந்தார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். வயது நாற்பத்தைந்து இருக்கும். முடக்குவாதத்திற்காக ஈராண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவந்தவர். இடையில் ஏழு மாதங்கள் வரவில்லை. அவருடைய வலக்கை விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. மணிக்கட்டு வீங்கி, தொட்டால் சுட்டது. தலைமுடியைக்கூட மகள்தான் பின்னிவிடுகிறாள் என்றார்.

"மாத்திரையை எப்போதம்மா நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மகள் பையிலிருந்து சிவப்பும் பொன்னிறமுமான ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். சிங்கப்பூரில் வேலைபார்க்கும் மகன் அனுப்பிய சிவப்பு ஜின்செங் சாறு. அதனருகில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அமுக்கராப் பொடிப் பொட்டலம் ஒன்றும் இருந்தது.

"இது வீக்கத்தைக் குறைக்கும்னு ஆராய்ச்சியிலயே கண்டுபிடிச்சிருக்காங்கன்னு அண்ணன் சொன்னாரு டாக்டர். அப்புறம் எதுக்கு ரெண்டுன்னு அம்மா மாத்திரையை விட்டுட்டாங்க."

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

இப்போது அந்த அம்மையாரே பேசினார். "போன தடவை அமுக்கராப் பொடி சாப்பிடறேன்னு சொன்னதுக்கே கோவிச்சுக்கிட்டீங்க. அதான் சொல்லல."

அந்தப் பதில் என்னை உறுத்தியது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. மூலிகைகளைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன்; அதே அளவுக்கு, மருத்துவர்களாகிய எங்கள் நடத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பெட்டியில் இருந்தது என்ன என்பதைப் பார்ப்போம். ஜின்செங் என்பது கொரியாவிலும் வடகிழக்குச் சீனத்திலும் வளரும் ஒரு செடியின் வேர். மனித உருவம்போலக் கைகால் பிரிந்து தோன்றுவதால் சீன மொழியில் அதற்கு அப்பெயர் அமைந்தது. அதன் தாவரவியல் பெயரில் உள்ள 'பானாக்ஸ்' என்ற சொல்லுக்கு 'எல்லாவற்றையும் குணமாக்குவது' என்று பொருள். அந்தப் பெயரே மிகையான நம்பிக்கைக்கு வித்திட்டுவிட்டது. வேரைத் தோலோடு நீராவியில் அவித்து உலர்த்தினால் செம்பழுப்பு நிறம் பெறும். அதுவே சிவப்பு ஜின்செங். நம் பகுதி மக்களுக்கு இது புதிய செய்முறை அன்று. நெல்லை அவித்துப் புழுங்கலரிசி ஆக்குகிறோம். மஞ்சள் கிழங்கை வேகவைத்து உலர்த்துகிறோம். அவிக்கும்போது பொருளின் தன்மை மாறுகிறது. ஜின்செங்கிலும் அவ்வாறே, அதிலுள்ள 'ஜின்செனோசைடு' என்னும் வேதிப்பொருள்கள் சில, வெப்பத்தால் வேறு வடிவங்களாக மாறுகின்றன. பச்சை வேரில் மிகக் குறைவாக உள்ள சில கூறுகள் சிவப்பு வேரில் கூடுதலாகக் கிடைப்பது அதனால்தான்.

நம் ஊர் அமுக்கராவை 'இந்திய ஜின்செங்' என்று விளம்பரங்களில் அழைக்கிறார்கள். இரண்டுக்கும் உறவே இல்லை. அமுக்கரா, கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த குடும்பத்துச் செடி. அதன் வேதிப்பொருள்கள் வேறு, விளைவுகளும் வேறு. ஒன்றைப் பற்றிய ஆய்வை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டுவது தவறு.

சரி, சிவப்பு ஜின்செங் அழற்சியைத் தணிக்கிறது என்று மகன் சொன்னது பொய்யா? பொய் அன்று, பாதி உண்மை. அழற்சி என்பது உடலின் தற்காப்புப் போர். காயம் பட்ட இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. கிருமியை அழிக்கவும் சிதைந்ததைச் செப்பனிடவும் உடல் செய்யும் ஏற்பாடு அது. முடக்குவாதத்தில் இந்தப் போர் காரணமின்றித் தம் சொந்த மூட்டுகள்மீதே திரும்பிவிடுகிறது. உயிரணுவுக்குள் இந்தப் போரைத் தொடங்கிவைக்கும் சில விசைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று 'என்.எஃப். கப்பா-பி' என்னும் புரதத் தொகுதி. அது முடுக்கப்பட்டால் 'டி.என்.எஃப். ஆல்பா', 'இன்டர்லூகின்-6' போன்ற தூதுப்பொருள்கள் சுரந்து அழற்சியைப் பரப்புகின்றன. ஆய்வகக் கிண்ணத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்கள்மீது ஜின்செனோசைடுகளை ஊற்றினால் இந்த விசை தணிகிறது. எலிகளிலும் வீக்கம் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். இவையெல்லாம் மெய்யான ஆய்வுகளே.

ஆனால் கிண்ணத்திலிருந்து மனிதரின் மணிக்கட்டு வரையிலான வழி நெடியது. கிண்ணத்தில் உயிரணுக்கள் மருந்திலேயே மூழ்கிக் கிடக்கின்றன. நாம் விழுங்கும் சாறோ குடலைக் கடந்து, கல்லீரலைக் கடந்து, இரத்தத்தில் மிகச் சிறிய அளவாகவே எஞ்சுகிறது. ஜின்செனோசைடுகளை நம் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்வதும் இல்லை. குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அவற்றின் சர்க்கரைக் கூறுகளை வெட்டிக் கொடுத்த பிறகே பெரும்பகுதி இரத்தத்தில் சேர முடியும். அந்த நுண்ணுயிரிகள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. ஆகவே ஒரே பெட்டியிலிருந்து ஒரே அளவு குடித்த இருவரின் இரத்தத்தில் ஒரே அளவு மருந்து இருக்கும் என்று சொல்ல இயலாது. நம் மஞ்சளுக்கும் இதே குறை உண்டு. மஞ்சளின் குர்குமின் தனியாக உட்கொண்டால் மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் அது 20 மடங்கு கூடுகிறது என்று 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினர்.

மனிதர்களிடம் சிவப்பு ஜின்செங்கைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. சில வாரங்களில் முடிந்தவை. முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சோர்வு சற்றுக் குறையலாம் என்பதற்குச் சில சான்றுகள் உள்ளன. மூட்டெலும்பு அரிக்கப்படுவதை அது தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. முடக்குவாதத்தில் நாங்கள் அஞ்சுவது வலியைவிட அந்த அரிப்பையே. வலி வந்து போகும். அரித்த எலும்பு மீளாது. நோயின் முதல் சில ஆண்டுகளே மூட்டைக் காக்கும் காலம். அந்தக் காலத்தில் ஏழு மாதங்களை இழப்பது சிறிய இழப்பு அன்று.

'பலன் இல்லாவிட்டால் போகட்டும். இயற்கைப் பொருள்தானே, தீங்கு என்ன?' என்று பலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நம் மாநில மலரே விடை சொல்லும். செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்னும் பொருள் உள்ளது. கிழங்கைத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. அதே கோல்ச்சிசினை அரை மில்லிகிராம் மாத்திரையாகத் தந்து, யூரிக் அமிலத்தால் வரும் கவுட் வாதத்தின் கொடிய வலியை நாங்கள் தணிக்கிறோம். தமிழ்நாட்டு உழவர்கள் பயிரிடும் செங்காந்தள் விதைகள் இம்மருந்துக்காக வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன. பொருள் ஒன்றே, நஞ்சா மருந்தா என்பதை முடிவு செய்வது அளவு. அந்த அளவை அறிந்திருப்பதுதான் மருத்துவம். பொட்டலத்தில் கட்டித் தரும் பொடியில் அளவு எங்கே எழுதியிருக்கிறது?

தீங்கு எங்கிருந்து வரும் என்பதைக் குறிப்பாகச் சொல்கிறேன். ஜின்செங் இரத்தச் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கக்கூடும். இன்சுலினோ, சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவருக்கு இது தாழ்சர்க்கரை மயக்கமாக முடியலாம். இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுத்துக்கொள்கிறார்கள்; ஜின்செங் அதன் வலிமையைக் குறைக்கக்கூடும். அப்படி நேர்ந்தால் செயற்கை வால்வில் இரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து உண்டு. மஞ்சளும் பூண்டும் மாத்திரை வடிவில் மிகுதியாகச் சேரும்போது எதிர்த்திசையில், அதாவது இரத்தக்கசிவின் பக்கம், தள்ளலாம்.

அடுத்தது கல்லீரல். அமுக்கரா உட்கொண்டபின் மஞ்சள்காமாலை கண்ட 5 பேரின் விவரங்களை ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020இல் வெளியிட்டனர். அவர்களில் நால்வர் நிறுத்தியபின் தேறினர். 2023இல் இந்திய மருத்துவர்களும் இத்தகைய நோயாளிகளின் தொகுப்பை வெளியிட்டனர். முன்பே கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இது உயிராபத்தாகவும் முடியும் என்பதை அது காட்டியது. செறிவூட்டப்பட்ட மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்புற்ற 10 பேரைப் பற்றி 2022இல் அமெரிக்காவிலிருந்து அறிக்கை வந்தது. அவர்களில் ஒருவர் இறந்தார். குழம்பில் போடும் மஞ்சள்தூளைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. சமையலறை அளவு வேறு, செறிவூட்டிய சாறு வேறு. இவை அரிதான விளைவுகளே. அமுக்கரா சாப்பிடும் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் முடக்குவாதத்திற்கு நாங்கள் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்தும் கல்லீரலைக் கவனித்தபடியே தர வேண்டிய ஒன்று. இரண்டும் ஒரே உடலில் சேர்ந்திருப்பது எனக்குத் தெரியாவிட்டால், பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் உயரும்போது நல்ல மருந்தின்மீது பழி போட்டு அதை நிறுத்திவிடுவேன். நோயாளி மறைத்த ஒரு செய்தியால் அவருக்கு வேண்டிய மருந்தே பறிபோகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த மோசடி. பல ஆண்டு மூட்டுவலி இரண்டே நாளில் பறந்துவிட்டது என்றால் மகிழ்வதற்கு முன் ஐயுறுங்கள். முகம் உப்பினாலோ, சர்க்கரை திடீரென ஏறினாலோ, பசி மிகுந்தாலோ அந்தப் பொடியுடன் உடனே மருத்துவரிடம் வாருங்கள். நீண்ட நாள் உட்கொண்டிருந்தால் தாமாகச் சட்டென நிறுத்தவும் வேண்டாம், அதுவும் ஆபத்து. முறையாகப் படித்துப் பதிவுபெற்ற சித்த மருத்துவர்களை நான் இங்கே குறிப்பிடவில்லை. அவர்கள் நோயாளியைப் பார்த்து, அளவு வகுத்து, மருந்து தருகிறார்கள். நான் சொல்வது பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியையும், கைப்பேசியில் வரும் காணொளியையும். நீரிழிவையும் வாதநோயையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துள்ளது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நோயாளிகள் பலரும் மெத்தோட்ரெக்சேட்டை 'இங்கிலீஷ் மருந்து' என்கிறார்கள். வேரை 'நம்ம மருந்து' என்கிறார்கள். அந்தப் பெண்மணியின் மேசைமேல் இருந்த சிவப்புப் பெட்டி கொரியாவிலிருந்து வந்தது. மெத்தோட்ரெக்சேட்டின் பிறப்பிலோ நம் சென்னைக்கும் பங்குண்டு. எல்லப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பின்னர் சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். அதன்பின் பாஸ்டன் சென்றடைந்தார். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழுவே 1940களில் ஃபோலிக் அமிலத்தையும், அதற்கு எதிராக வினைபுரியும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றையும் உருவாக்கியது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு எதிராகத் தொடங்கிய அந்த வழி, மிகச் சிறிய வாராந்தர அளவில் முடக்குவாதத்திற்கும் உதவும் என்பதை 1980களின் ஆய்வுகள் உறுதிசெய்தன. இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதலில் எழுதப்படும் மருந்து அதுவே. மருந்து எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்பதைவிட, அது எவ்வாறு சோதிக்கப்பட்டது என்று கேட்பதே நமக்கு நன்மை தரும்.

இவ்வளவும் நோயாளிகளுக்கு. இனி எங்களைப் பற்றி.

சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பகுதிகளிலிருந்து விடியற்காலைப் பேருந்து ஏறி வருகிறவர்களுக்கு, மூன்று மணி நேரக் காத்திருப்புக்குப்பின் எங்களோடு கிடைப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் வேரைப் பற்றி வாயெடுத்தால் நாங்கள் முகம் சுளிக்கிறோம். நாட்டு மருந்துக் கடைக்காரரோ உட்காரச் சொல்லி, எத்தனை நாளாக வலி என்று கேட்கிறார். மனிதர் எங்கே கேட்கப்படுகிறாரோ அங்கேதான் நம்புவார். மேலும், வேரை நாடுகிறவர்களில் பலர் அறியாமையால் நாடுவதில்லை. நடவு நட்டு முழங்கால் தேய்ந்தவர், வலை இழுத்துத் தோள் போனவர், கடையில் வாங்கிய வலிமாத்திரையைப் பல ஆண்டு விழுங்கி வயிற்றுப் புண்ணையோ சிறுநீரகப் பாதிப்பையோ கண்டவர் அல்லது அண்டைவீட்டில் கண்டு அஞ்சியவர். அந்த அச்சம் நியாயமானது. அதற்கு நாங்கள் பதில் சொல்லாதபோது ஒரு சிவப்புப் பெட்டி பதில் சொல்கிறது.

நான் கோபித்துக்கொண்ட நாள் எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருக்கிறது. அன்று நான், 'எவ்வளவு சாப்பிடுகிறீர்கள், எத்தனை நாளாக, எதற்காக' என்ற மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால், ஜின்செங் பெட்டி வந்த வாரமே என்னிடம் வந்திருக்கும். அவருடைய விரல்களின் சாய்வுக்கு நோய் மட்டுமே காரணம் என்று என்னால் எழுத முடியவில்லை.

ஆகவே இவ்விதழ் வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். மருத்துவமனைக்கு வரும்போது மாத்திரைச் சீட்டை மட்டும் கொண்டுவராதீர்கள். வீட்டில் சாப்பிடும் பொடி, இலேகியம், கஷாயம், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பெட்டி, புட்டி அனைத்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கேட்காவிட்டாலும் மேசைமேல் எடுத்து வையுங்கள். புதிதாக ஒன்றைத் தொடங்க விரும்பினால், தொடங்குமுன் கேளுங்கள். சர்க்கரை மாத்திரை, வார்ஃபரின், தைராய்டு மாத்திரை, மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்பவர்களும், கருவுற்றவர்களும், கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்களும், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் ஜின்செங், அமுக்கரா போன்றவற்றைத் தாமாகத் தொடங்கவே வேண்டாம். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்ந்த நிறமானாலோ, உடல் அரித்தாலோ அன்றே வாருங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டிய மருந்து. நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து என்பதை வீட்டில் மாத்திரை எடுத்துக்கொடுப்பவரும் அறிந்திருக்க வேண்டும். எந்த மருந்தை நிறுத்த நினைத்தாலும், நிறுத்துமுன் ஒருமுறை சொல்லுங்கள். செலவு தாங்கவில்லை என்பதும் சொல்லத்தக்க காரணமே. அதற்கும் வழி பார்க்கலாம்.

கடல்கடந்து வாழும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அம்மாவுக்குப் பெட்டி அனுப்புவது அன்பு. அதனோடு, அம்மா எந்தெந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருமுறை கேட்டறிவதும் அன்பே. முடிந்தால் அந்தப் பட்டியலைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மையார் மீண்டும் மெத்தோட்ரெக்சேட் உட்கொள்கிறார். தை மாதம் வந்தபோது மணிக்கட்டின் சூடு தணிந்திருந்தது. இரத்தத்தில் அழற்சி அளவும் இறங்கியிருந்தது. சாய்ந்த விரல்கள் சாய்ந்தபடியே உள்ளன. மேலும் சாயாமல் தடுப்பதற்கான விரல் தாங்கியும் பயிற்சியும் கொடுத்திருக்கிறோம். தலைமுடியை இப்போது தாமே பின்னிக்கொள்கிறாராம், நேரம் மட்டும் கூடுதலாக ஆகிறது. அமுக்கராவை நிறுத்திவிட்டார். மகன் அனுப்பிய பெட்டியில் மீதியிருந்ததை என்ன செய்வது என்று கேட்டார். மகனிடம் பேசியபோது, நோக்கம் நல்லது என்று சொல்லுங்கள், அடுத்த முறை பெட்டிக்குப் பதிலாக ஊருக்கு வரச் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார்.

புறப்படும்போது பையைத் திறந்து, "வேற ஒண்ணுமில்ல டாக்டர், பாத்துக்குங்க" என்று மேசைமேல் கவிழ்த்துக் காட்டினார். எல்லா நோயாளிகளும் அப்படிக் காட்டும் நாளை எதிர்பார்க்கிறேன். அப்போது முகம் சுளிக்காமல் பார்ப்பது எங்கள் பொறுப்பு.